ஸ்கைலைனர் ஓடத் தொடங்கிய வாரம்: ஆர்லாண்டோ குறிப்புகள்

செப்டம்பர் 28, 2019, சனி

டாம்பாவிலிருந்து காலையில் கிளம்பி, ஐ-4 நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு பாப் செஞ்சுரி ஓட்டலுக்கு வந்து சேர்ந்தோம். கோவையிலிருந்து அம்மா வந்திருக்கிறார், அவரும் நானும் என் மகளும்தான் இந்தப் பயணத்தில். டிஸ்னி வேர்ல்டுக்கு எந்த வாரம் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும் நான் உடனே இந்த வாரம் என்று சொன்னதற்குக் காரணம் ஒன்றுதான், நாளைக்கு இங்கே ஸ்கைலைனர் என்கிற ரோப் கார் திறக்கிறார்கள்.

நகரப் பேருந்துகளுக்கு அட்டவணை போடுவது என் வேலை. நிறுத்தத்தில் வந்து நிற்கிறவர் அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைச் சுற்றியேதான் என் நாள் ஓடும். அதனால் ஒரு பொழுதுபோக்கு வளாகத்தில், குன்றும் பனியும் இல்லாத தட்டையான சதுப்பு நிலத்தில், மக்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதற்கென்றே ஒரு ரோப் கார் போடுகிறார்கள் என்று 2017 ஜூலையில் அறிவிப்பு வந்தபோதே இதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிஸ்னி வேர்ல்டு என்பது ஒரு பூங்கா இல்லை. நான்கு பெரிய பூங்காக்கள், இரண்டு டஜனுக்கும் மேல் ஓட்டல்கள், நடுவில் ஏரி, காடு, சாலை என்று நூறு சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரிந்து கிடக்கிற ஊர். உள்ளேயே போய்வர பேருந்து, படகு, மோனோரயில் எல்லாம் உண்டு. மோனோரயில் 1971-இல் வளாகம் திறந்தபோதே வந்தது, ஆனால் அது நிற்கிற ஓட்டல்களில் அறை வாடகை நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பாப் செஞ்சுரி இங்கே இருப்பதிலேயே மலிவான வகை. பக்கத்தில் இருக்கிற ஆர்ட் ஆஃப் அனிமேஷனும் அதே வகை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஏரிமேல் ஸ்கைலைனருக்கு ஒரு ஸ்டேஷன் கட்டியிருக்கிறார்கள், இதுவரை பேருந்தை மட்டும் நம்பியிருந்த இந்த ஓட்டல்களின் வாசலுக்கே வந்திருக்கிறது. எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் இது.

சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். மகள் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றாள். சில பெட்டிகளின் பக்கங்களில் டிஸ்னி பாத்திரங்களின் படம் ஒட்டியிருக்கிறார்கள், உள்ளே அவர்களும் உட்கார்ந்து வருவது போலத் தெரியும், மற்றவை வெறும் வண்ணம். எந்தப் பெட்டியில் யார் இருக்கிறார்கள் என்று அவள் அம்மிச்சிக்குச் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஏறிவிட்டோம்!

வரிசை நீளம். முதல் நாள் என்பதால் பலர் இதற்காகவே வந்திருந்தார்கள், ஸ்கைலைனர் படம் போட்ட சட்டை போட்டவர்களும் உண்டு. ஆனால் வரிசை நிற்கவில்லை, நடந்துகொண்டே இருந்தது, அதுதான் வித்தியாசம். பேருந்து நிறுத்தத்தில் இருபது நிமிடம் ஒரே இடத்தில் நிற்பதும் இருபது நிமிடம் மெல்ல மெல்ல முன்னால் நகர்வதும் கடிகாரத்துக்கு ஒன்றாக இருக்கலாம், நிற்கிற ஆளுக்கு ஒன்றே இல்லை. இதை நான் அலுவலகத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்றைக்குக் காலால் உணர்ந்தேன்.

வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அம்மா கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் எனக்கே பல விஷயங்கள் தெளிவாயின.

மேலே ஒரே எஃகுக் கயிறு. இரண்டு முனையிலும் பெரிய சக்கரம், கயிறு அதைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது, வேகம் மணிக்குச் சுமார் 11 மைல். பெட்டிக்குத் தனியாக மோட்டார் கிடையாது. அதன் தலையில் ஒரு இரும்புப் பிடி இருக்கிறது, அது கயிற்றைக் கவ்விக்கொண்டு போகிறது. ஸ்டேஷனுக்குள் வந்ததும் பிடி திறந்து கயிற்றை விட்டுவிடும், வரிசையாக இருக்கிற ரப்பர் சக்கரங்கள் பெட்டியின் வேகத்தைக் குறைத்து, நடக்கிற வேகத்தைவிட மெதுவாக நகர்த்திக்கொண்டு போகும். கதவு திறக்கும், இறங்குகிறவர்கள் இறங்குவார்கள், ஏறுகிறவர்கள் ஏறுவார்கள், கதவு மூடும், இன்னொரு வரிசை சக்கரங்கள் பெட்டியைத் தள்ளிக் கயிற்றின் வேகத்துக்குக் கொண்டுவரும், பிடி மறுபடி கவ்விக்கொள்ளும். இவ்வளவு நடக்கும்போதும் கயிறு தன்பாட்டுக்கு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆஸ்திரியாவின் டாப்பல்மேயர் நிறுவனம் செய்தது, பனிமலைகளில் அவர்கள் பல வருடங்களாகச் செய்துவருகிற வேலைதான்.

அம்மா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷனில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், "கண்ணு, எங்க மில்லுல கடைசியா வந்த மெஷின்ல இப்படித்தான், நூல் தீர்ந்த கண்டை மட்டும் தனியா எடுத்து மாத்திக்கும், பக்கத்துக் கண்டு அதும்பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்." எனக்கு இதைவிட நன்றாக விளக்க வராது.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. வீட்டில் நடப்பார், ஆனால் இங்கே நாள் முழுக்க நடக்க முடியாது என்று வீல்சேர் எடுத்திருந்தோம். நகர்கிற பெட்டியில் ஏற வேண்டும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க சாமி, நான் இங்கயே உக்காந்திருக்கறேன்" என்றார். எங்கே போனாலும் அவர் சொல்வது இதுதான், கோயில் படிக்கட்டானாலும் சரி, கடை எஸ்கலேட்டரானாலும் சரி.

இங்கே அதற்கு வழி செய்திருக்கிறார்கள். முனை ஸ்டேஷன்களில் பிரதான வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு வட்டம் இருக்கிறது. வீல்சேரில் வருகிறவர்களை அந்தப் பக்கம் அனுப்புகிறார்கள். ஒரு பெட்டி பிரதான வட்டத்திலிருந்து பிரிந்து இங்கே வந்து முழுசாக நின்றுவிடும், தரையும் பெட்டியின் தளமும் ஒரே மட்டம், நிதானமாக வீல்சேரை உள்ளே உருட்டி, பூட்டு போட்டு, உட்கார்ந்து, பிறகு அது கிளம்பி மற்ற பெட்டிகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் பிரதான வரிசையில் ஒருவர்கூட நிற்கவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர் யாரும் இல்லை.

பேருந்தில் வீல்சேர் ஏற்றும்போது ஓட்டுநர் எழுந்து வந்து, சாய்தளம் இறக்கி, பட்டை கட்டி, நாலைந்து நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களை அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்போம், சேர்த்தால் வண்டி அதிகம் வேண்டும், பணம் இல்லை என்பார்கள். கடைசியில் தாமதத்தின் பாரம் வீல்சேரில் இருப்பவர் மேல் விழும், முழு பஸ்ஸும் அவரையே பார்க்கும். மெதுவாக ஏற வேண்டியவருக்குத் தேவையான நேரத்தை, மற்றவர்களின் நேரத்திலிருந்து எடுக்காமலேயே கொடுக்க முடியும் என்று இன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன். அம்மா நிம்மதியாக உட்கார்ந்திருந்தார், பெட்டி கிளம்பி மேலே எழும்பியபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பாப் செஞ்சுரியிலிருந்து கரீபியன் பீச் ஓட்டலில் இருக்கிற நடு ஸ்டேஷனுக்குச் சில நிமிடங்கள். மூன்று தடங்களும் அங்கேதான் சந்திக்கின்றன: ஒன்று எங்கள் ஓட்டலுக்கு, ஒன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவுக்கு, ஒன்று ரிவியேரா ஓட்டல் வழியாக எப்காட் பூங்காவுக்கு. இறங்கி மாறிக்கொள்ள வேண்டும். காசு கிடையாது, பூங்கா டிக்கெட்டும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஏறலாம்.

இன்றைக்கு எந்தப் பூங்காவுக்குள்ளும் போகவில்லை. முன்னும் பின்னுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தோம், பொழுது போய்விட்டது.

செப்டம்பர் 30, திங்கள்

எப்காட் தடம். மூன்றில் நீளமானது, கிட்டத்தட்ட கால் மணி நேரம்.

கரீபியன் பீச்சின் ஏரியைத் தாண்டி ரிவியேரா ஓட்டலின் ஸ்டேஷனுக்குள் நுழைகிறது. ஓட்டல் இன்னும் திறக்கவில்லை, டிசம்பரில்தான். அதைத் தாண்டியதும் ஒரு இடம் வருகிறது, அங்கே யாரும் ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை, கதவும் திறக்காது. கயிறு நேர்க்கோட்டில்தான் ஓடும், பாதை திரும்ப வேண்டுமானால் அதற்கென்று ஒரு ஸ்டேஷன் வேண்டும். பெட்டி கயிற்றை விட்டு, வேகம் குறைந்து, சக்கரங்கள் தள்ள வளைந்து, மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு எப்காட் பக்கம் கிளம்புகிறது. பலர் இதை வேடிக்கையில்லாத இடம் என்று நினைத்துப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் அம்மாவும் எழுந்து நிற்காத குறையாகப் பார்த்தோம்.

அப்புறம் மரங்களுக்கு மேலே எழும்பும்போது எப்காட்டின் பிரான்ஸ் பகுதியில் இருக்கிற சின்ன ஈபிள் கோபுரம் தெரிய ஆரம்பிக்கிறது. முடிவு ஸ்டேஷன் பழைய ஐரோப்பியக் கண்ணாடித் தோட்ட வீடு போல இரும்பும் கண்ணாடியுமாக, சுவரில் ஓவியங்களுடன். எப்காட்டின் பிரான்ஸ் பகுதிக்கும் இங்கிலாந்துப் பகுதிக்கும் நடுவில் உள்ள பின்வாசல் அது. இதுவரை அந்த வாசலைப் பயன்படுத்தியவர்கள் பக்கத்திலுள்ள விலையுயர்ந்த ஓட்டல்காரர்களும், அங்கிருந்து நடந்தோ படகிலோ வருகிறவர்களும்தான். எங்களைப் போன்ற பாப் செஞ்சுரிக்காரர்கள் பேருந்தில் முன்வாசலில் இறங்கி, உலக நாடுகள் இருக்கிற ஏரிக்கரைக்குப் பூங்கா முழுவதையும் நடந்து கடக்க வேண்டும். அந்த நடை இப்போது மிச்சம். அம்மாவுக்கு அதன் மதிப்பு தெரியும்.

இன்று எப்காட்டில் இன்னொரு பெரிய விஷயம். 1999-இலிருந்து ஒவ்வொரு இரவும் ஏரியில் நடந்துவந்த இல்லுமினேஷன்ஸ் வாணவேடிக்கை இன்றோடு கடைசி. கரையெல்லாம் மக்கள், மத்தியானத்திலிருந்தே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள், அழுகிறவர்களைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் தன் திருமணம் முடிந்த கையோடு இங்கே வந்ததாகவும் இன்றைக்குத் தன் மகனோடு வந்திருப்பதாகவும் சொன்னார். ஏரி நடுவில் பூமி உருண்டை மலர்ந்து தீபம் எழும்பியபோது கூட்டம் மொத்தமும் எழுந்து கைதட்டியது.

முடிந்ததும் நான் பயந்தது வீட்டுக்குத் திரும்பும் கூட்டத்தைத்தான். ஒரு நிகழ்ச்சி முடிந்து ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேறுவதுதான் எந்தப் போக்குவரத்துக்கும் உண்மையான பரீட்சை. ஸ்டேஷன் வாசலில் வரிசை பாலம் வரைக்கும் இருந்தது. பெட்டிக்குப் பத்துப் பேர், சில நொடிக்கு ஒரு பெட்டி, வரிசையை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. மகள் தூங்கி வழிய ஆரம்பிக்கும் முன் நாங்கள் மரங்களுக்கு மேலே இருந்தோம்.

அக்டோபர் 1, செவ்வாய்

மேஜிக் கிங்டம். இங்கே ஸ்கைலைனர் வராது, பேருந்து. வளாகம் திறந்து இன்றோடு 48 வருடம், அதனால் நல்ல கூட்டம்.

இந்தப் பூங்காவிலும் ஒரு காலத்தில் ரோப் கார் இருந்தது. ஸ்கைவே என்று பெயர், 1971 முதல் 1999 வரை ஓடியது. அதற்கும் முன்னோடி கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1956-இல் போட்டது, ஸ்விட்சர்லாந்தின் வான் ரோல் நிறுவனத்துடையது. இரண்டும் வேடிக்கைக்காக ஏறுகிறவை.

ஆனால் ஸ்கைலைனருக்கு உண்மையான அண்ணன் என்று நான் நினைப்பது பீப்பிள்மூவரைத்தான். இங்கே 1975-இல் வந்தது, இன்றும் ஓடுகிறது. அதுவும் நிற்பதே இல்லை. சுழலும் தளத்தில் நின்று, ஓடுகிற பெட்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். பெட்டியில் எஞ்சின் கிடையாது, பாதையில் பதித்த மின்காந்தங்கள் தள்ளுகின்றன. வால்ட் டிஸ்னி 1966-இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, எப்காட்டைப் பூங்காவாக அல்ல, இருபதாயிரம் பேர் வாழும் நகரமாகத்தான் விவரித்தார். அந்த நகரத்தில் தினசரிப் போக்குவரத்துக்கு அவர் வைத்திருந்தது இந்த பீப்பிள்மூவர்: கார் நிலத்துக்கு அடியில், மேலே நடப்பவர்களும் நிற்காத சிறு வண்டிகளும். அவர் போனபிறகு நகரத் திட்டம் கைவிடப்பட்டது, 1982-இல் அதே பெயரில் பூங்கா வந்தது, பீப்பிள்மூவர் ஒரு சவாரியாக மட்டும் தங்கிவிட்டது. ஐம்பது வருடத்துக்கும் மேல் கழித்து, அதே நிலத்தில், குடும்பங்கள் காலையில் கிளம்பிப் போய் இரவில் திரும்பி வர, கால அட்டவணை இல்லாத ஒரு வண்டி வந்திருக்கிறது. அட்டவணை போட்டுச் சம்பாதிக்கிற நான் சொல்கிறேன், அட்டவணை தேவைப்படாத போக்குவரத்துதான் நல்ல போக்குவரத்து.

அம்மாவுக்குப் பீப்பிள்மூவரில் ஏற முடியவில்லை, வீல்சேருக்கு அங்கே வழி இல்லை. நாங்கள் போய்வரும்வரை கீழே உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 2, புதன்

ஹாலிவுட் ஸ்டுடியோஸ். ஆகஸ்டில் திறந்த ஸ்டார் வார்ஸ் பகுதியில் மகள் பாதி நாள் செலவழித்தாள், அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பெட்டிக்குள் ஏசி இல்லை. இதைப் பற்றித்தான் திறக்கும் முன்பே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஃப்ளோரிடா வெயிலில் கண்ணாடிப் பெட்டியா என்று. எங்கள் அனுபவம்: ஓடுகிறபோது காற்று நன்றாகவே குறுக்கே வீசுகிறது, மத்தியான வெயிலில்கூட அம்மா முந்தானையால் விசிறிக்கொள்ளவில்லை. பெட்டி நடுவழியில் நின்றால் அந்தக் காற்றும் நின்றுவிடும், அதை மறைக்க முடியாது. மின்னல் பக்கத்தில் வந்தாலும் சேவையை நிறுத்திவிடுவார்கள், அப்போது பேருந்துதான். இந்த மாநிலத்தில் கோடை மாதங்களில் தினம் மத்தியானம் இடி இடிக்கும், ஆகையால் வருகிறவர்கள் இதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். வயதானவர்களோடு வந்தால் காலையும் இரவும் நல்லது. கையில் தண்ணீர் இருக்கட்டும்.

மாலையில் டாம்பா.

அக்டோபர் 6, ஞாயிறு

வீட்டுக்கு வந்தபிறகு எழுத ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். நேற்று இரவு எப்காட் தடத்தில் ஸ்கைலைனர் நின்றுவிட்டது. ரிவியேரா ஸ்டேஷனில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நெருக்கிக்கொண்டு நிற்கிற படங்கள் வந்திருக்கின்றன. மேலே தொங்கிய பெட்டிகளில் இருந்தவர்களில் சிலர் மூன்று மணி நேரத்துக்கும் மேல் அப்படியே இருந்திருக்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள் ஏணி வண்டியோடு வந்து சிலரை இறக்கினார்கள். பலத்த காயம் யாருக்கும் இல்லை. சேவையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன், அவரே டிவியில் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "உள்ள வயசானவங்க இருந்திருப்பாங்க இல்ல கண்ணு? பாத்ரூம் போகணும்னா என்ன பண்ணியிருப்பாங்க?"

நானும் ராத்திரி முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பேருந்து பழுதானால் ஒரு பேருந்து நிற்கும், பின்னால் வருகிறது ஏற்றிக்கொள்ளும். இங்கே கயிறு ஒன்று, அதை நிறுத்தினால் அதில் தொங்குகிற எல்லாப் பெட்டியும் நிற்க வேண்டும். காத்திருக்கவே வைக்காத அதே அமைப்புக்கு இந்தக் குணமும் சேர்ந்தேதான் வரும். உள்ளே அவசரத்துக்கான பொருட்கள் இருக்கின்றன, தண்ணீர் இருக்கிறது, சரி. ஆனால் இருட்டில், காற்றில்லாமல், கீழே தரை தெரியாமல் இருக்கிறவருக்குத் தண்ணீரைவிட முதலில் வேண்டியது ஒரு மனிதக் குரல், இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற குரல். போக்குவரத்தில் வேலை பார்க்கிற எங்கள் எல்லோருக்கும் இது தெரியும், நெருக்கடியில் முதலில் மறந்துபோவதும் இதுதான்.

நான் இதுவரை எழுதியதில் ஒரு வரியையும் மாற்றவில்லை. பக்க வட்டம் நல்ல யோசனை, எப்போதும் நல்ல யோசனைதான். ஆனால் இந்த வாரம் போகிறவர்களுக்கு: பேருந்துகள் ஓடுகின்றன.

அக்டோபர் 14, திங்கள்

இன்று திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது. தயாரிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து முழுமையாகச் சோதித்ததாகவும், இயக்கும் முறையிலும் ஊழியர் பயிற்சியிலும் மாற்றம் செய்ததாகவும், பெட்டியில் இருப்பவர்களோடு பேசுவதை மேம்படுத்துவதாகவும் டிஸ்னி சொல்லியிருக்கிறது. கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

அம்மா நவம்பர் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறார். அதற்கு முன்பு இன்னொரு முறை போகலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "போலாம், ஆனா அந்தத் திரும்பற ஸ்டேஷன் இருக்கற லைன்ல மொதல்ல ஏறோணும்" என்றார். நவம்பர் நடுவில் ஒரு வார நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், காலையில் முதல் ஆளாகப் போய் நிற்கலாம் என்று எண்ணம், தண்ணீரும் அம்மாவின் மாத்திரைகளும் இந்தத் தடவை வீல்சேர் பையிலேயே இருக்கும். அந்த மாதத்தில் போய் வந்தவர்கள் கூட்டம் எப்படி என்று சொன்னால் உதவியாக இருக்கும்.